எந்தக் கண் மூத்தது

கடையில் அதை ஒருமுறை மூடிக் காட்டினார்கள்.
டொக்.
இருபத்தாறு வருஷம்
பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தே பிழைத்த காது எனக்கு.
ஜிக்கு ஒரு மயிரிழை மேலே விழுந்தது அது.
அதற்காகத்தான் வாங்கினேன் என்றால்
க்ளெட்வின் நம்பமாட்டான்.
அவன் கேட்டது புது அடுப்பு.

அதற்கும் முன்னால் போலீஸ்காரர் வந்திருந்தார்.
சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரியை
இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.
எதற்குத் துப்பாக்கி?
தட்டு உடைக்க, என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
டீயை மட்டும் முழுசாகக் குடித்தார்.

ஞாயிறு. ராயடர் தாண்டி மேட்டுச் சரிவு.
வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மழை.
தொழிற்சாலைப் பிசுக்கை ராத்திரியே
க்ளெட்வினின் பழைய பனியனால் துடைத்தாயிற்று.
ஆனாலும் புதுசு புதுசுதான்:
முழங்காலில் வைத்து அழுத்தினால்தான் திறக்கிறது.
மற்றவர்கள் மடித்த மழைக்கோட்டு மாதிரி
முழங்கைமேல் சாய்த்திருந்தார்கள் தங்களுடையதை.
நான் மட்டும்
பிறர் வீட்டுக் குழந்தையை ஏந்தியவள் போல.

களிமண் புறா என்று பேர்.
புறாவும் இல்லை, களிமண்ணும் இல்லை.
சுண்ணாம்புக்கல் தூளும் தாரும் கலந்து அழுத்திய
ஆரஞ்சு நிற மூடி.
வெங்காய ஊறுகாய் ஜாடிக்குச் சரியாக இருக்கும்.

காதில் பஞ்சு, அதன்மேல் கவசம்.
'புல்!' என்று கூவினேன்.
சரிவில் ஆடுகள் நிமிரவில்லை;
அவற்றுக்கு வேண்டியது வாயிலேயே இருந்தது.

முதல் தோட்டா வானத்துக்கு.
இரண்டாவதும்.
ஏழாவதும்.
முன்னால் சுடு, என்றது ஒரு வாய்.
கன்னத்தை மரத்தோடு ஒட்டு, என்றது இன்னொன்று.
வாய்கள் அசைந்ததுதான் தெரியும்,
சொன்னது நானாக வைத்துக்கொண்டது.
தட்டுகள் முழுசாகப் போய்
முழுசாகப் புல்லில் இறங்கின,
எங்கேயோ அவசர வேலை இருப்பதுபோல்.

பொத்தான் அழுத்துகிற பெண் ஹெலெத்.
பதினாறு வயது, நகத்தில் பச்சைச் சாயம்.
அவள்தான் வந்து என் கவசத்தைத் தூக்கிக் கேட்டாள்:
உங்களுக்கு எந்தக் கண் மூத்தது?

எந்தச் சாவி மந்தம், எந்தக் கம்பி தளர்வு,
எல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்னை.
இதை யாரும் கேட்டதில்லை.

வேலிக் கம்பத்தின்மேல் பெருவிரலை நிறுத்தச் சொன்னாள்.
வலது கண்ணை மூடினேன்:
கம்பம் இருந்த இடத்தில் இருந்தது.
இடதை மூடினேன்:
கம்பம் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

வலது தோளில் துப்பாக்கி,
அதிகாரம் இடது கண்ணிடம்.
ஐம்பத்து மூன்று வருஷமாய்
இந்த முகத்துக்குள் யார் சொல் நடக்கிறதென்று தெரியாமலே
கடிதம் படித்திருக்கிறேன்,
கார் ஓட்டியிருக்கிறேன்,
க்ளெட்வினைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தன் விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து
என் கண்ணாடியின் இடது வட்டில் ஒட்டிவிட்டு
பொத்தானுக்குத் திரும்பினாள்.

பத்தொன்பதாவது.
வலமிருந்து இடம், தாழ்வாக.
கன்ன எலும்பில் ஒரு குத்து.
அங்கே, வெள்ளை மேகத்தின்முன்,
ஒரு கறுப்புப் பொடி மலர்ந்து,
நின்று,
இறங்கியது.
கவசத்துக்குள் அது உடைந்த சத்தம் வரவில்லை.
ஒன்றைக் கேட்காமல் வெறுமனே பார்த்தது
எனக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த மூன்றும் தப்பின. அதை விடுங்கள்.
இருபத்தைந்துக்கு நான்கு.

தோளில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு ரூபாய் அகலம்.
செவ்வாய்க்கிழமை தேவாலயப் பியானோ இருக்கிறது;
கையை உயர்த்தும்போது தெரியும்.

ராத்திரி எண்ணெய் துடைத்து
அலமாரியில் வைக்கும் முன் ஒருமுறை மூடிப் பார்த்தேன்.
அதே மயிரிழை மேலே.
அடுக்களையில் க்ளெட்வின்
அடுப்புக் கதவை முட்டிபோட்டு இடித்து மூடினான்.
அது எஃப். பல வருஷமாக எஃப்.

ஆயிரம் தோட்டா போனால் கீல் இளகும்,
சத்தமும் இறங்கும் என்கிறார் கடைக்காரர்.
இன்றைக்கு இருபத்தைந்து.